ஷெட்டில் செயின் பிளாக் மாட்டப் போகிறீர்களா?

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீட்டு ஷெட்டிலேயே எஞ்சினைத் தூக்கி இறக்குகிறவர்கள் உண்டு. செயின் பிளாக்கில் '1 டன்' என்றிருப்பது பிளாக்குக்குத்தான், மேலே இருக்கும் பீமுக்கு அல்ல. ஃபேன் கொக்கி, தகரக் கூரைக் குழாய் இரண்டும் வேண்டவே வேண்டாம். தரையில் கால் ஊன்றி நிற்கும் இரும்பு ஸ்டாண்டுதான் என் சிபாரிசு.

பீமில்தான் மாட்டுவேன் என்றால் சிவில் இன்ஜினீயரிடம் காட்டிவிடுங்கள். இங்கே அடிப்பது உப்புக் காற்று. உள்ளே கம்பி துருவேறி ஊதினால், பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடும். அதில் அடித்த ஆங்கர் போல்ட் காரையோடு பெயர்ந்து வரும்.

கொக்கியின் வாய் விரிந்திருந்தால் மாற்றுங்கள், வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள். முதலில் அரையடி மட்டும் தூக்கி, சற்று நிறுத்திப் பாருங்கள். பாரம் தானாக இறங்கினால் பிரேக் போய்விட்டது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.