குளிர்காலத்து நீச்சற் பயிற்சி

மார்கழி பிறந்ததும் நம் நீச்சற் குழுவினரிடையே ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது: “தை கழியும்வரை பயிற்சியை நிறுத்திவைத்தால் என்ன?” கோடையில் குளத்தை விட்டுக் கரையேற மனமில்லாதோர், பனி தொடங்கியதும் அக்கரையிலேயே கைகட்டி நிற்கின்றனர். தைத்திங்களிற் பெண்கள் நீராடிய செய்தியைப் பரிபாடல் முதலிய சங்க நூல்கள் கூறுகின்றன. ஆதலின் குளிர்நீர் தமிழர்க்குப் புதிதன்று. எனினும் பழம்பெருமை மட்டும் விடையாகாது. குளிர்நீர் உடலை என் செய்கின்றது என்பதை முதற்கண் ஆராய்வோம்.

நீர் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்த வல்லது. ஆகவே 24 பாகை சென்டிகிரேடு காற்றில் இனிதே உலவுவோன், அதே வெப்பநிலையுள்ள நீரில் நெடுநேரம் இருப்பின் நடுங்கத் தொடங்குவான். இஃது ஒன்று. மற்றொன்று இதனினும் கொடியது. குளிர்நீர் தோலைத் திடீரெனத் தாக்குங்கால் மூச்சு நம் வசமின்றி உள்ளிழுக்கப்படும். நெஞ்சு விரைந்து துடிக்கும். நீர் குளிருந்தோறும் இது கடுமையாகும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று நிமிடங்களில் தானே தணியும். அப்பொழுது முகம் நீருள் இருப்பின், மூச்சோடு நீரும் புகும்.

இதனை யான் நூலிற் கற்குமுன் நீரிற் கற்றேன். குழுவிற் சேர்ந்த முதல் மார்கழியில், தோழர்முன் வீரங்காட்ட விரும்பி, விடியற்காலையில் மேடையினின்று தலைகீழாய்ப் பாய்ந்தேன். மறுகணமே வாய் திறந்தது, நீர் புகுந்தது, கற்ற நீச்சலனைத்தும் மறந்தது. மூத்த மாணவர் ஒருவர் தோளைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தார். “தம்பி, தண்ணீரிடம் வீரம் வேண்டா, பழக்கம் வேண்டும்” என்று மட்டுமே சொன்னார். அவர் அங்கு இலராயின், இக்கட்டுரையும் இராது.

அவர் கூறியது உண்மையே. சில நாட்கள் சிறிது சிறிதாகக் குளிர்நீரில் இறங்கிப் பழகின், அம்மூச்சுத் திணறல் பெரிதும் குறையும். அப்பழக்கம் சில மாதங்கள் கழிந்தும் முற்றும் மறைவதில்லை.

ஆரத்தி சாகா என்னும் வங்கப் பெண்ணின் வரலாறு ஈண்டு நினையத்தக்கது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையின் இறுதியிலும் 15 முதல் 18 பாகையே இருக்கும். குளிர் தாங்கும் உடையணிந்து கடப்பதை அங்குள்ள விதி ஏற்பதில்லை. 1959 ஆகஸ்டு 27இல் முயன்ற அவர், எதிர் நீரோட்டத்தால் இடையில் நிறுத்த நேர்ந்தது. மனந்தளராது செப்டம்பர் 29இல் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடங்களிற் கடந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. அன்று அவர்க்கு வயது பத்தொன்பது. நம்மிற் பலர்க்கும் அதுவே வயது. அவ்வெற்றி ஒருநாள் துணிவால் வந்ததன்று. சிறு வயது முதலே குளத்திற் பழகிய பழக்கத்தால் வந்தது.

ஆகவே பயிற்சியை நிறுத்துதல் வேண்டா, முறைப்படுத்துதல் வேண்டும். கரையில் ஓடியும் கைவீசியும் உடலைச் சூடாக்கிக்கொள்க. காலை முன்வைத்து மெல்ல இறங்குக. மூச்சு சீராகும்வரை முகத்தை நீருள் அமிழ்த்தற்க. குளிர்ந்த தசை விரைவில் தளரும். ஆதலின் கைவீச்சுக் குறுகினாலோ, விரல்கள் விறைத்தாலோ, நடுக்கம் தோன்றினாலோ, எண்ணிய தூரம் முடியாவிடினும் ஏறிவிடுக. ஏறிய பின்னும் உடல் சிறிது நேரம் குளிர்ந்துகொண்டேயிருக்கும். உடனே துவட்டி, உலர்ந்த உடை அணிந்து, சூடான பானம் பருகுக. எல்லாவற்றினும் மேலாக, ஒருவரும் தனியே இறங்கற்க. கரையில் ஒருவர் கண்காணித்து நிற்க.

குழு என்னும் சொல்லின் பொருளை யான் உணர்ந்தது போட்டி நாளிலன்று. என் தோளைப் பற்றிய அக்கையில். இவ்வாண்டு கரையில் நின்று, புதிதாய் இறங்கும் தம்பியரை எண்ணிக்கொண்டிருப்பவன் யானே.