கூகுளில் நம் கடை: உள்ளதை உள்ளபடி எழுதுவோம்



நம் மஹல்லாவில் தையற்கடை நடத்தும் ஒரு சகோதரர், கடையை அடுத்த தெருவுக்கு மாற்றி ஒரு வருடம் ஆகிறது. கூகுள் மேப்பில் பழைய முகவரியே நிற்கிறது. பெருநாள் துணியோடு வந்தவர்கள் பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்டும் அவனோடு போயிற்று. மற்றவர்களுக்கும் இந்த நஷ்டம் வராமலிருக்கச் சில செய்திகள்.

1. உரிமை: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். அதை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். உதவுபவரை 'மேனேஜர்' ஆக மட்டும் சேருங்கள். வேறொருவர் கையில் இருந்தால், அந்தப் பக்கத்திலேயே உரிமை கோரி விண்ணப்பிக்கலாம்.

2. விவரம்: கூகுள், ஜஸ்ட்டயல், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் பெயர், முகவரி, போன் எண் ஒன்றாகவே இருக்கட்டும். கடை மாறினால் புதுப் பக்கம் தொடங்காமல், பழையதில் முகவரியைத் திருத்துங்கள். பெயர்ப் பலகையில் இல்லாத 'மலிவு', 'சிறந்த' போன்ற சொற்களைப் பெயரோடு சேர்ப்பது விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம். ஜும்ஆ இடைவேளையையும் ரமலான் நேரத்தையும் மறக்காமல் பதியுங்கள்.

3. வரிசை: தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்துகிறது. காசு கொடுத்து அந்த இடத்தை வாங்க முடியாது என்று கூகுளே சொல்கிறது. 'முதலிடம் உறுதி' என்று போனில் பேசுபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

4. பேக்லிங்க்: உங்களுக்கு வெப்சைட் இருந்தால், பிற தளங்கள் அதற்குக் கொடுக்கும் இணைப்பே பேக்லிங்க். அது ஒருவர் நமக்காகச் சொல்லும் நற்சாட்சி போன்றது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோதே இதை அடிப்படையாக வைத்தார்கள். பிறகு இணைப்புகளை விலைக்கு விற்பவர்கள் கிளம்பினார்கள். 2012இல் 'பென்குவின்' என்ற மாற்றத்தால் அத்தகைய தளங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆகவே விலைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சரக்கு எடுக்கும் கம்பெனி, வியாபாரிகள் சங்கம், நீங்கள் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் பள்ளி ஆகியோரின் தளங்களில் உங்கள் கடையைக் குறிப்பிடக் கேளுங்கள். அத்தகைய நாலைந்து போதும்.

5. ரிவ்யூ: வாங்கியவரிடம் கேளுங்கள்; தள்ளுபடி காட்டிக் கேட்காதீர்கள், அதுவும் விதிமீறல். வாங்காத சொந்தக்காரர் எழுதும் பாராட்டு பொய்ச் சாட்சிதான். குறை சொன்னவருக்கும் பணிவாகப் பதில் எழுதுங்கள்.

இன்றிரவே கைபேசியில் உங்கள் கடையின் பெயரைத் தேடிப் பாருங்கள். முகவரியும் எண்ணும் சரியா, ஓனர் நீங்கள்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.