பழைய காரை வீடியோ எடுத்து, கம்ப்யூட்டரில் படமாக்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆசையுடன் தொடங்கும் வேலைகளில் ஒன்று வீடியோ எடிட்டிங். கல்யாணம், காதுகுத்து என்று போனில் எடுத்தவற்றை வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். ஓடும் வண்டி ஒன்றைப் படமாக்க முயன்றால்தான் சிக்கல் தெரியும். நேரில் சீறிப் போன கார், திரையில் ஊர்ந்து போகும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். இன்ஜின் சத்தத்திற்குப் பதில் காற்றின் இரைச்சல் கேட்கும்.

கள்ளக்குறிச்சியில் என் பெரியப்பாவிடம் இரண்டு கதவுள்ள ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. அதை விற்பதென்று முடிவானதும், போவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைக்கலாம் என்று கிளம்பினோம். கிடைத்தது ஒரே ஒரு காலைப் பொழுது. அதில் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் இருப்பது பழைய புல்லட்டாகவோ, அம்பாசிடராகவோ இருந்தாலும் முறை ஒன்றுதான்.

ஹெரால்டு ஏன் ஸ்பெஷல்?

பிரிட்டனில் 1959ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலாட்டி. 1960களில் இதையே சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. இதன் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலாட்டியின் வடிவமைப்பில் 1962ல் வந்ததுதான் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் ஊரில் ஓடிய ஹெரால்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை!

இரண்டிலும் முன்பக்க பானெட், மட்கார்டு உட்பட மொத்தமாக முன்னோக்கித் திறக்கும். இது கட்டாயம் எடுக்க வேண்டிய காட்சி.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. இவற்றின் பின் அச்சு, ஸ்விங் ஆக்சில் என்ற வகை. வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் மேலெழும்பி, சக்கரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்து பிடிப்பை இழக்கும். வண்டி சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. மலைப்பாதையில் இது விளையாட்டல்ல.

"வேகமாப் போனாத்தானேடா படம் நல்லா இருக்கும்?" என்று பெரியப்பா கேட்டார்.

"வேண்டாம் பெரியப்பா, முப்பத்தாறுக்கு மேல போகாதீங்க. வேகத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதுதான். படத்தில் தெரியும் வேகத்தை டிரைவரின் காலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கேமராவில் பாதியும் கம்ப்யூட்டரில் பாதியும் கிடைக்கும்.

இடமும் வெளிச்சமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குச் சாலை போகிறது. ஊருக்கு மேற்கே மலை. காலையில் சூரியன் கிழக்கே. எனவே மலையை நோக்கிப் போகும் காரை முன்னாலிருந்து எடுத்தால், காரின் முகம் நிழலில் கறுத்துவிடும். மலையிலிருந்து ஊரை நோக்கித் திரும்பி வரும்போது எடுங்கள். வெயில் காரின் முகத்தில் விழும், பின்னணியில் மலையும் கிடைக்கும். இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கரும்பு அரவைக் காலத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரும். அந்தச் சமயத்தில் அதிகாலையிலேயே முடித்துவிடுவது நல்லது. மலைப்பாதையில் வளைவில் நின்று எடுக்காதீர்கள். இரு பக்கமும் தூரம் வரை தெரியும் நேர்ச்சாலையில், தார் ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்கள். வண்டி வருகிறதா என்று பார்க்க மட்டும் ஒருவரை நிறுத்துங்கள். மலைக் கிராமங்களில் மனிதர்களோ வீடுகளோ படத்தில் வருவதாக இருந்தால், முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். வனத்துறை இடங்களுக்குள் இறங்கிப் படமெடுக்க அனுமதி வேண்டும்.

ஷட்டரில் இருக்கிறது சூட்சுமம்

வீடியோ என்பது தொடர்ச்சியான போட்டோக்கள். வினாடிக்கு 30 போட்டோ என்றால் 30 பிரேம். ஒவ்வொரு போட்டோவிற்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் ஸ்பீட். ஆட்டோவில் விட்டால், நல்ல வெயிலில் போன் 1/1000 வினாடி அல்லது அதற்கும் குறைவாக வைத்துக்கொள்ளும். இதனால் என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காரின் வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்கு 10 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். எனவே சக்கரம் வினாடிக்கு ஐந்தரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் சுமார் 67 டிகிரி திரும்பியிருக்கும். சக்கரத்தில் ஒரே மாதிரி நான்கு ஆரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரிக்கு ஒன்று. ஓர் ஆரம் 67 டிகிரி முன்னே போனாலும், நம் கண்ணுக்கு அடுத்த ஆரம் 23 டிகிரி பின்னே வந்ததுபோல் தோன்றும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றும் மர்மம் இதுதான்!

ஷட்டர் 1/1000ல் இருந்தால், அது திறந்திருக்கும் நேரத்தில் சக்கரம் 2 டிகிரிதான் திரும்பும். ஒவ்வொரு ஆரமும் துல்லியமாக விழும், மாயம் அப்பட்டமாகத் தெரியும். அதையே 1/60ல் வைத்தால் 33 டிகிரி திரும்பும். ஆரங்கள் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலைத்தான் நம் கண் வேகம் என்று எடுத்துக்கொள்கிறது.

எனவே விதி இது: ஷட்டர் எண், பிரேம் எண்ணின் இரு மடங்காக இருக்கட்டும். 30 பிரேமுக்கு 1/60. 25 பிரேமுக்கு 1/50. பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவின் புரோ வீடியோ பிரிவில் இதை மாற்றலாம். அந்த வசதி இல்லையென்றால், பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச அப்ளிகேஷன் உங்கள் போனுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பகல் வெயிலில் 1/60 வைத்தால் படம் வெளிறிப் போகும். கூலிங் கிளாஸ் போல வேலை செய்யும் என்.டி. பில்டரை லென்ஸின் முன் மாட்டலாம். அது இல்லாதவர்கள் அதிகாலையிலோ புளியமர நிழலிலோ எடுக்கலாம்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கேமராவைத் தாழ்வாக, காரின் சக்கர உயரத்திற்குப் பிடியுங்கள்.

2. கார் பக்கவாட்டில் கடக்கும்போது இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் தொடருங்கள். கார் வருவதற்கு முன்பே தொடங்கி, போன பின்பும் சில வினாடிகள் ஓடவிடுங்கள்.

3. உங்களுக்கும் காருக்கும் நடுவில் கரும்போ மரமோ இருக்கட்டும். அருகில் இருப்பவை சட்சட்டென்று கடப்பதால் வேகம் கூடித் தெரியும்.

4. தூரத்திலிருந்து ஜூம் செய்து நேராக வரும் காரை எடுத்தால், வேகம் குறைந்து தெரியும். இதை ஓரிரு காட்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சாலையின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். நடுவில் எதிர்ப்பக்கம் மாறினால், கார் யூ டர்ன் அடித்துத் திரும்பியதுபோல் திரையில் தோன்றும்.

சத்தம் தனி வேலை

பழைய காருக்குப் பாதி அழகு சத்தம். காருக்குள் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, பருத்தித் துண்டால் சுற்றிப் பின் சீட்டின் கீழே வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் காற்று இரைச்சல் குறையும். உள்ளே எடுக்கும் காட்சிகளுக்கு இந்த ஒலியைப் பயன்படுத்தலாம். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும், பக்கத்திலேயே கையை ஒருமுறை தட்டுங்கள். எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் பொருத்த இந்தக் கைதட்டல் உதவும். தூரத்தில் நின்று தட்டக்கூடாது. ஒலி 100 மீட்டரைக் கடக்க சுமார் 0.3 வினாடி எடுக்கும். அது 9 பிரேம் தாமதம்.

கார் கடந்து செல்லும் காட்சிக்கு, வெளியே கேமரா பதிவு செய்த ஒலிதான் பொருந்தும். 36 கி.மீ. வேகத்தில்கூட, நெருங்கும்போது இருந்த சுருதி விலகும்போது சுமார் 6 சதவீதம் இறங்கும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டை வித்தியாசம். உள்ளே எடுத்த ஒலியை அங்கே ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோவின் பிட் ரேட் வினாடிக்கு 17 மெகாபிட் என்றால், 8 பிட் ஒரு பைட் என்ற கணக்கில் நிமிடத்திற்கு சுமார் 128 எம்.பி. ஆகும். 4கே வீடியோ 48 மெகாபிட்டில் நிமிடத்திற்கு 360 எம்.பி., ஒரு மணி நேரத்திற்கு 21 ஜி.பி.க்கு மேல்.

போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் தனி போல்டர் ஒன்றை உருவாக்கி, பைல்களை அதில் காப்பி செய்திடவும். கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். அவசரத்தில் நான் அப்படிச் செய்து, நடுவில் கேபிள் கழன்று, பானெட் திறக்கும் காட்சி இரண்டு பக்கமும் இல்லாமல் போனது. நல்லவேளை, கார் அன்று மாலை வரை வீட்டில் இருந்தது. காப்பி முடிந்ததும் ஒவ்வொரு பைலையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகே போனில் அழியுங்கள்.

பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய பைல் ஏற மறுக்கிறதா? அது பேட்32 முறையில் பார்மட் ஆகியிருக்கலாம். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை வைக்க முடியாது. எக்ஸ்பேட் முறைக்கு பார்மட் செய்தால் தீரும். ஆனால் பார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அனைத்தும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

எடிட் செய்வோம்

முன்பு பலரும் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கருக்கு மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பதிலாக ஷாட்கட் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடவும்.

1. ஓபன் பைல் கிளிக் செய்து, வீடியோவைத் திறக்கவும். போன் வீடியோக்களில் பிரேம் எண்ணிக்கை நடுவில் கூடிக் குறையும். ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்கிற்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்டால், மாற்ற அனுமதியுங்கள்.

2. கம்ப்யூட்டர் திணறினால் செட்டிங்ஸ் மெனுவில் பிராக்ஸி என்பதை இயக்கவும். எடிட் செய்ய மட்டும் சிறிய நகல்களைப் பயன்படுத்தும். இறுதிப் படம் முழுத் தரத்திலேயே வரும்.

3. வீடியோவைக் கீழே உள்ள டைம்லைனுக்கு இழுத்து விடவும். வெட்ட வேண்டிய இடத்தில் கோட்டை நிறுத்தி, கீபோர்டில் எஸ் கீயைத் தட்டவும். வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் தட்டினால், அது நீங்கி இடைவெளியும் மூடிக்கொள்ளும்.

4. ஒரு காட்சி இரண்டு முதல் நான்கு வினாடிகள் போதும். மலையுடன் கார், கடந்து செல்லும் சக்கரம், கியரில் கை, கண்ணாடியில் முகம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

5. படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும் ஆசை வரும். வேண்டாம். மரக்கிளையும் புழுதியும் நடந்து போகும் ஆளும் சேர்ந்து துள்ளும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

6. காற்று இரைச்சல் மிச்சமிருந்தால், பில்டர்ஸ் பிரிவில் ஹை பாஸ் சேர்க்கவும். கொஞ்சமாகச் சேருங்கள். அதிகமானால் இன்ஜினின் அடிக்குரலும் போய்விடும்.

7. எக்ஸ்போர்ட் கிளிக் செய்து, டிபால்ட் அமைப்பிலேயே சேவ் செய்திடவும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள். இன்டர்நெட்டில் ஏற்றுவதாக இருந்தால், நம்பர் பிளேட் தெரியாமல் மறைத்துவிடுவது நல்லது. எடிட் செய்த படத்தோடு ஒரிஜினல் பைல்களையும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வேறு வீட்டிலோ கிளவுடிலோ இன்னொரு காப்பி என வைத்துக்கொள்ளுங்கள். காரை மறுபடி எடுக்க முடியாது என்றால் இது மிக அவசியம்.

எங்கள் படம் மூன்று நிமிடம்தான் ஓடும். கார் போய் ஒரு வாரம் கழித்துப் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "நானா இவ்வளவு வேகமா ஓட்டினேன்?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் இன்னொரு முறை வைக்கச் சொன்னார்.

உங்கள் வீட்டு வண்டியின் சத்தத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிவு செய்து பாருங்கள்.