பேப்பரில் வராத அறிவிப்பு



விவசாய பூமி எப்படி திடீர்னு கட்டட பூமியாகுது என்று குழுக்களில் எங்களைக் கேட்கிறீர்கள். இந்த முறை அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் வில்லியம் என்று ஒரு மாவட்டம். அங்கே கிராமப் பகுதியில் 10 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று 1998-ல் விதி போட்டார்கள். அதை நம்பி ஜனங்கள் குடியிருந்தார்கள். பிறகு கம்பெனிகள் வந்து, சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர் கட்ட அனுமதி கேட்டன. இரவும் பகலும் கம்ப்யூட்டர் ஓடுகிற பெரிய பெரிய கட்டடங்கள் அவை. கரண்ட் ஏராளமாக இழுக்கும், சத்தமும் உண்டு.

நிலக்காரர்கள் பலர் நல்ல விலை என்று விற்கச் சம்மதித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் எதிர்த்தார்கள். 2023 டிசம்பரில் கவுன்சில் கூட்டம் 27 மணி நேரம் நடந்தது! விடிய விடிய ஆட்கள் எழுந்து பேசினார்கள். ஆனாலும் 4-க்கு 3 ஓட்டில் அனுமதி கிடைத்துவிட்டது.

குடியிருப்புக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த அனுமதியே செல்லாது என்றார். காரணம் என்ன தெரியுமா? கூட்டத்துக்கு முன்னால் பேப்பரில் போட வேண்டிய அறிவிப்பைச் சட்டப்படி போடவில்லை.

குழுவில் பேச: நம்ம ஊர் கிராம சபைக்குக் கடைசியாக அறிவிப்பு எங்கே ஒட்டினார்கள்? எத்தனை நாள் முன்னாடி? தீர்மான நோட்டை நம்மில் யார் வாங்கிப் படித்தோம்?