உப்பிப்போன பற்றரி

பழைய கைத்தொலைபேசியின் பற்றரி உப்பிவிட்டால் அதை என்ன செய்கிறீர்கள்? தேயிலை மலையிலோ ஆக்ரா ஓயாவிலோ எறிவோர் உண்டு. குளிருக்கு மூட்டிய அடுப்பில் போடுவோரும் உண்டு. பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதைச் சொல்லவே பயமாயிருக்கிறது.

இது டோர்ச் பற்றரி போன்றதல்ல. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயன் பற்றரிக்குள் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. குத்தினாலோ, நசுக்கினாலோ, சூடேற்றினாலோ உள்ளேயிருக்கும் மெல்லிய தடுப்புக் கெட்டு, இரு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும். பிறகு சூடே சூட்டை வளர்க்கும். தீயும் நச்சுப் புகையும் கிளம்பும். அக்கரப்பத்தனை லயங்களில் ஒரே கூரையின் கீழ் எத்தனை காம்பிராக்கள்! ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவ எவ்வளவு நேரம் செல்லும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உப்பியதை மீண்டும் சார்ஜில் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். உலோக முனைகளை டேப்பால் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகரப் பேணியில், இறுக மூடாமல், படுக்கைக்கும் விறகுக்கும் தூரமாக வையுங்கள். பழைய இரும்புக்காரரின் சாக்கில் போட்டால் லொறியில் நசுங்கும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம்தான் அது சேர வேண்டும். அங்கிருந்து கோபால்ற், நிக்கல், செம்பு ஆகியவற்றைப் பிரித்தெடுக்க வழியுண்டு. அடுத்த முறை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ போகையில், தொலைபேசிக் கடையில் பழைய பற்றரியைப் பொறுப்பேற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.