மன்னிப்பு கிடைத்துவிட்டது; வழக்கு முடிந்ததா?



நம் வீடுகளில் பலருக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது வேலை, கடன் அடைப்பது, தங்கையின் நிக்காஹ், பெற்றோரின் உம்ரா எல்லாம் சேர்ந்த ஒன்று. அந்தப் பயணம் ஒரு சிறிய வழக்கால் நின்றுபோனால் என்ன செய்வது? இம்மாதப் பாடம் இதுதான்.

சில காலத்திற்கு முன் ஒரு தாய் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். மகனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சில வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த கடையில் ஒரு செல்போன் காணாமல் போய், முதலாளி புகார் கொடுத்திருந்தார். பின்னர் போன் கிடைத்தது. முதலாளியும் "போகட்டும் விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்றே குடும்பம் நினைத்திருந்தது. பயண ஏஜென்ட், "படிவத்தில் வழக்கு இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்றார். "அப்படி எழுதலாமா?" என்று கேட்கத்தான் அந்தத் தாய் வந்தார்.

மகன் போனை எடுத்தாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை. அதை அல்லாஹ் அறிவான். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் கையில் என்ன எண் இருக்கிறது?"

இரண்டு எண்கள்

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் கிடைப்பது குற்ற எண். போலீசார் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்த பிறகு கிடைப்பது சி.சி. எண். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல வழக்குகள் அசையாமல் கிடக்கின்றன. பாஸ்போர்ட் விஷயத்தில் இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவுப்படி, விண்ணப்பதாரர் மீது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வெறும் எஃப்.ஐ.ஆர். இதில் சேராது, நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றிருந்தால்தான் நிலுவை என்று கொள்ள வேண்டும் என வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் விளக்கம் அளித்துள்ளது.

ஈ-கோர்ட்ஸ் செயலியில் காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு இலவசமாகத் தேடலாம். அந்தத் தம்பியின் வழக்கைத் தேடியபோது சி.சி. எண் இருந்தது. குடும்பம் வாடகை வீடு மாறியதால் சம்மன் பழைய விலாசத்திற்கே போயிருக்கிறது. இன்னும் சில வாய்தாக்கள் தவறியிருந்தால் பிடிவாரண்டு வந்திருக்கும்.

முதலாளியின் மன்னிப்பு

பிறர் பொருளை எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து, உரியவரிடம் மன்னிப்புக் கேட்பது தவ்பாவின் நிபந்தனை. அது நிறைவேறினால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நீதிமன்றக் கோப்பு வாய்ச்சொல்லால் மூடப்படுவதில்லை.

சாதாரணத் திருட்டு வழக்கைப் பொருளின் உரிமையாளர் நீதிமன்றத்திலேயே சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி முடித்தால் அது விடுதலைக்குச் சமம். எஃப்.ஐ.ஆர். அளவிலேயே நிற்கும் வழக்கை, இரு தரப்பும் ஒத்துப்போனால், ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். போலீசாரே வழக்கைக் கைவிட்டிருந்தால் அதற்கான ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வழியில் முடிந்தாலும் சான்றிட்ட நகல் கையில் இருந்தால்தான் முடிந்ததாக அர்த்தம்.

இரண்டு தவறான ஆலோசனைகள்

முதலாவது, "மறைத்துவிடுங்கள்." பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் முக்கியத் தகவலை மறைப்பதும் அதே சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாஸ்போர்ட்டும் பறிபோகலாம். சின்ன வழக்கை மறைக்கப்போய்ப் பெரிய வழக்கைத் தேடிக்கொள்வதாகிவிடும். இது பொய் என்பதால் மார்க்கத்திலும் இதற்கு இடமில்லை.

இரண்டாவது, "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போங்கள்." ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பாகப் பதிவாகும். வேலை விசாவுக்குக் காவல்துறைச் சான்று கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். செய்யாதவர் செய்ததாகச் சொல்வது தன் மீதே பொய் சொல்வது. வழக்கறிஞரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

வழக்கு முடியும் முன் பயணம் வந்துவிட்டால்

வழி அடைபட்டுவிடவில்லை. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அறிவிக்கையின்படி, நீதிமன்ற அனுமதி உத்தரவைக் காட்டினால் பாஸ்போர்ட் வழங்கலாம். உத்தரவில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஓராண்டுக்குக் கிடைக்கும். ஆகவே எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருப்பவரும் ஜாமீன் நிபந்தனைகளைப் படிக்காமல் புறப்படக் கூடாது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

தம்பிக்கு என்ன ஆயிற்று?

முதலாளி நல்ல மனிதர். நீதிமன்றத்திற்கு நேரில் வந்து சமரசம் சொன்னார். வழக்கு முடிந்தது. ஆனால் அதற்குள் அந்த விசாவின் காலம் தீர்ந்துவிட்டது. அந்தத் தாய் அழுதார், நாங்களும் வருந்தினோம். சில மாதங்கள் கழித்து வேறு வேலை கிடைத்து, ஒரு பொய்யும் எழுதாமல் தம்பி புறப்பட்டார். முதலாளி மன்னித்த அன்றே நகல் வாங்கியிருந்தால் அந்த முதல் வாய்ப்பு கைநழுவியிருக்காது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வழக்கு இருக்கிறது என்பதால் ஒருவர் திருடராகிவிட மாட்டார். வீண் சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் தடுக்கிறது. ஊர் பேச்சுக்குப் பயந்துதான் பல குடும்பங்கள் கடைசி வாரம் வரை வாய் திறப்பதில்லை.

வீட்டில் கலந்து பேச:

1. நம் குடும்பத்தில் யார் மீதாவது பழைய புகார் உண்டா? அதன் எண் தெரியுமா?
2. வழக்கு முடிந்ததற்கான நகல் நம்மிடம் இருக்கிறதா?
3. வீடு மாறியபோது புதிய விலாசத்தை வழக்கறிஞருக்குத் தெரிவித்தோமா?

அல்லாஹ் நம் பிள்ளைகளின் மானத்தையும் வாழ்வாதாரத்தையும் பாதுகாத்து, நேர்மையான வழியில் அவர்களின் பயணங்களை இலேசாக்குவானாக! ஆமீன்.