எக்ஸெல்லில் 24 மணி நேரத்தைத் தாண்டிக் கூட்ட...

தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மலை சைக்கிள் பந்தயம் 8 நாட்கள் நடக்கும். அணிக்கு இருவர். இரண்டாமவர் கோட்டைக் கடக்கும் நேரமே அணியின் நேரம்.

நண்பர்கள் இருவருக்கு உதவியாளராகச் சென்ற நான், தினமும் அந்த நேரத்தை எக்ஸெல்லில் பதிந்து வந்தேன். ஐந்தாம் நாள் மாலை ஆட்டோசம் பட்டனை அழுத்தினால், 26:40:00 வர வேண்டிய இடத்தில் 2:40:00 என்று நிற்கிறது! முன்னால் இருக்கும் அணியை விட எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

கூட்டலில் தவறில்லை. 24 மணி முடிந்ததும், கடிகாரம் போல எக்ஸெல் மீண்டும் பூஜ்யத்திலிருந்து காட்டுகிறது.

விடை உள்ள செல்லில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செல்ஸ் தேர்ந்தெடுங்கள். நம்பர் டேபில் டைம் பிரிவைக் கிளிக் செய்து, 37:30:55 என்ற வகையைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். சரியான மொத்தம் கிடைத்துவிடும். அன்றிரவு இடைவெளியைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.